கதை மாந்தர்களுக்கு ஒரு விருந்து: ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பதற்கு முழுமையான வழிகாட்டி

கதைகளில் வரும் ஐந்து பேரை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கலாம். யாரை அழைப்பீர்கள்? எங்கள் வாசகர் வட்டத்தில் நான்கு வருடமாக இந்தப் பயிற்சியைச் செய்து வருகிறோம். புதிதாக வருபவர்கள் ஐந்து நிமிடத்தில் ஐந்து பெயரை எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். சரி, இந்த ஐந்து பேரும் பந்தியில் உட்கார்ந்தாயிற்று, என்ன பேசுகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள் என்றால் பேனா நகர்வதில்லை.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பிடித்த பெயர்களைத் தனித்தனியாகப் பொறுக்கியிருக்கிறார்கள். விருந்துக்கு ஆள் சேர்ப்பது அப்படி அல்ல. முதல் ஆளைப் பார்த்து இரண்டாம் ஆளையும், இருவரையும் பார்த்து மூன்றாம் ஆளையும் அழைக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நான் கடைசியாகச் செய்த விருந்தையே உதாரணமாக வைத்து, அந்த வரிசையைச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, ஒரு பென்சில், இரண்டு மாலைப் பொழுது. பென்சில் ஏன் என்றால் நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

அழைக்க நினைப்பவர்கள் வரும் புத்தகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதுகிறவர்கள் அடுத்த வாரமே முழுவதையும் மாற்றி எழுதுகிறார்கள். பத்து வருடத்துக்கு முன் படித்த பாத்திரம் நம் தலைக்குள் நமக்கு வசதியான ஆளாக மாறிப்போயிருக்கும். புத்தகத்தைத் திறந்தால் ஆள் வேறு மாதிரி இருப்பார்.

1. வீட்டையும் நாளையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஆட்களை யோசிக்கும் முன் இடத்தை யோசியுங்கள். ஏதோ ஒரு மாளிகை, நீளமான மேசை, மெழுகுவர்த்தி என்று தொடங்குகிறவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த இடம் அவர்களுக்கே தெரியாது. கதவு எங்கே, கை கழுவும் இடம் எங்கே, காற்று எந்தப் பக்கம் வரும் என்று உங்களுக்குத் தெரிந்த வீடாக இருந்தால்தான் விருந்தாளிகள் அங்கே நடமாடுவார்கள்.

என் வீடு திருச்சி உறையூரில். ஓட்டு வீடு, நீளமான கூடம், பின்னால் கிணற்றடி. அதையே எடுத்துக்கொண்டேன். நாள், ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு. வேளை, இரவு எட்டு மணி என்று எழுதினேன். வேளையை மட்டும் கொஞ்சம் மெலிதாக எழுதி வையுங்கள். எனக்கு அது பிற்பாடு மாறியது.

2. இலைகளை எண்ணுங்கள்

விருந்தாளிகள் ஐந்து பேர், நீங்கள் ஒருவர், ஆக ஆறு. இதற்கு மேல் வேண்டாம். ஆறு பேர் வரை ஒரே பேச்சாக ஓடும். எட்டு ஆனால் பந்தி இரண்டாகப் பிரிந்து, ஒரு முனையில் பேசுவது மறு முனைக்குக் கேட்காது. எழுதும்போதும் அப்படித்தான். எட்டுப் பேரை வைத்து எழுதியவர்களின் பக்கங்களில் மூன்று பேர் வாயே திறக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள்.

3. பதினைந்து பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி எழுதுங்கள்

இந்த இடத்தில் யோசிக்க வேண்டாம். மனதில் வரும் பெயர்களை எழுதுங்கள். சின்ன வயதில் படித்தது, போன மாதம் படித்தது, மொழிபெயர்ப்பில் படித்தது எல்லாம் கலந்து வரட்டும்.

என் பட்டியலில் இருந்த சிலர்: வந்தியத்தேவன், ஆழ்வார்க்கடியான், நந்தினி, கண்ணகி, மணிமேகலை, கந்தசாமிப் பிள்ளை, ஹென்றி, துப்பறியும் சாம்பு, கணேஷ், ஷெர்லாக் ஹோம்ஸ், சாஞ்சோ பான்ஸா.

பெயருக்கு எதிரே, அவர் பேசும் அல்லது ஏதாவது செய்யும் ஒரு காட்சியை ஒரே வரியில் எழுதுங்கள். காட்சி வரவில்லை என்றால் பெயரை அடித்துவிடுங்கள். உங்களுக்குப் பிடித்தது அந்த ஆள் அல்ல, அந்தக் கதை என்று அர்த்தம். எங்கள் வட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு இந்த இடத்திலேயே பதினைந்து ஒன்பதாகக் குறைகிறது.

இராமாயண, பாரதப் பாத்திரங்களை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவர்களைக் கும்பிடுகிறவர்களும் வட்டத்தில் இருக்கிறார்கள். தெய்வத்தை இலையில் உட்காரவைத்து வசனம் எழுதுவது அவர்களுக்குச் சங்கடம். கண்ணகியையும் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், அது எனக்குத் தெரியும். இளங்கோவின் பாட்டில் அவள் பெண்ணாக நடந்து போகும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

4. பிடித்தவரையும் பந்திக்கு ஏற்றவரையும் பிரித்துப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எனக்கும் வலித்த இடம் இது.

மிச்சமிருக்கும் ஒவ்வொரு பெயரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இவர் அடுத்தவர் பேசுவதைக் கேட்பாரா? வந்த இடத்தில் சாப்பிடுவாரா? இவர் உள்ளே வந்தால் மற்றவர்கள் சுருங்குவார்களா, விரிவார்களா?

ஹோம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கில் மூழ்கிவிட்டால் அவருக்குச் சாப்பாடே மறந்துபோகும். வழக்கு இல்லாத நாளில் அழைத்தால் சலிப்பில் தவிப்பார். ஆனால் பக்கத்தில் சாம்பு உட்கார்ந்தால் கதை வேறு. தேவனின் சாம்பு பேங்க் குமாஸ்தாவாக இருந்தவர். தடுமாறித் தடுமாறியே குற்றவாளியின் மேல் போய் விழுவார். அது எப்படி என்று ஹோம்ஸால் கேட்காமல் இருக்க முடியாது. ஒரே தொழில்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். தொழில் ஒன்றாக இருந்தாலும் வழி வேறாக இருந்தால் சேர்க்கலாம் என்பதே என் அனுபவம்.

மணிமேகலையை நிறையப் பேர் அழைக்கிறார்கள். அமுதசுரபி கையில் இருக்கிறது, சமைக்க வேண்டியதில்லை என்று ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தாள். அப்புறம் அவளே புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். அந்தப் பாத்திரம் பசித்தவர்களுக்காக வந்தது. ஆதிரை இட்ட முதல் பிச்சையோடு மணிமேகலை போவது யானைத்தீ என்ற தீராப் பசி நோயால் துடிக்கும் காயசண்டிகையிடம். அப்படிப்பட்டவள் தெருவில் ஒருவர் பசியோடு நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து பாயசம் சாப்பிடுவாளா? அவள் வந்தால் வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும், இலைக் கணக்கே கிடையாது. அந்த மாணவி அப்படியே விருந்தை மாற்றி எழுதினாள். நாங்கள் கேட்டதிலேயே மிக நல்ல பக்கங்களில் அது ஒன்று. ஆனால் அது வேறு விருந்து. ஐந்து இலை விருந்துக்கு மணிமேகலையைக் கூப்பிடாதீர்கள்.

எனக்கு ஆழ்வார்க்கடியான் நம்பி என்றால் உயிர். 1950இல் 'கல்கி' இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வனில், ஆரம்ப அத்தியாயங்களிலேயே கைத்தடியும் வாதமுமாக வந்து நிற்கிறவர். அவரை முதல் பெயராக வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். சைவமா வைணவமா என்று சாம்பார் வருவதற்குள் வாதம் தொடங்கிவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முடித்துவிட்டுப் பார்த்தால், இரண்டு பக்கத்திலும் கண்ணகி ஒரு வார்த்தை பேசவில்லை. யாருமே பேசவில்லை. எல்லாரும் அவருக்குப் பார்வையாளர்களாகிவிட்டார்கள். மனசில்லாமல் அடித்தேன். அடித்த பெயர்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த விருந்துக்கு ஆகும்.

5. எந்தப் பக்கத்திலிருந்து அழைக்கிறீர்கள் என்று குறியுங்கள்

பெயர் மட்டும் போதாது. கதையின் எந்த நாளில் இருக்கும் ஆள் அவர் என்று முடிவு செய்ய வேண்டும். சுஜாதாவின் கணேஷை 'நைலான் கயிறு' நாட்களிலிருந்து அழைத்தால் தனியாக வருவார். அவருடைய உதவியாளன் வசந்த் பிறகுதான் வந்து சேர்ந்தான். பிற்காலக் கணேஷை அழைத்தால் இரண்டு இலை போட வேண்டும்.

இதற்கு ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: விருந்தாளிக்கு அந்தப் பக்கத்துக்குப் பிறகு நடப்பது எதுவும் தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது. இதை மீறினால் விருந்து ஆரூடம் பார்க்கும் இடமாகிவிடும். எதிர்காலத்தை வாசித்துக் காட்டுவதும், அவர்கள் அழுவதும், நாம் தேற்றுவதும்தான் மிஞ்சும்.

கண்ணகி விஷயத்தில் எனக்கு இது எளிதாக இல்லை. புகாரை விட்டுக் கிளம்பிய கோவலனும் கண்ணகியும் கவுந்தி அடிகளோடு காவிரிக் கரை வழியே நடந்து, அரங்கம் கடந்து, உறையூரில் தங்குகிறார்கள். அதாவது என் ஊரில். மதுரை எரிந்தது ஆடி மாதம் என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. ஆகவே உறையூர் நாள் அதற்குக் கொஞ்சம் முன்னால். என் விருந்துக்கு ஆனி ஞாயிறு என்று வைத்ததன் காரணம் அதுதான். கால் நோக நடந்து வந்தவள், இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தவள், சிலம்பு இரண்டும் கையில் பத்திரமாக இருக்கிறவள். அந்தக் கண்ணகியைத்தான் அழைத்தேன். மதுரையில் வீடு உள்ளவர்கள் அவளை அழைப்பதாக இருந்தால் விருந்து நாளை நன்றாக யோசித்து வையுங்கள்.

கந்தசாமிப் பிள்ளையை, கடவுள் வந்து போன மறுநாளிலிருந்து எடுத்தேன். புதுமைப்பித்தன் கதையில் பிராட்வே முனையில் டிராமா பஸ்ஸா என்று யோசித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் கடவுளே திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அவரை ஓட்டலுக்குக் கூட்டிப்போய்க் காப்பி வாங்கித் தந்து, காப்பியின் ருசிக்குக் காரணம் சிக்கரி என்று விளக்கி, தன் பத்திரிகைக்குச் சந்தாதாரராகவும் ஆக்கிக்கொள்கிறவர் பிள்ளை. அந்த அனுபவத்துக்குப் பிறகு எந்த விருந்தாளியைப் பார்த்தும் அவர் மலைக்கமாட்டார். பந்திக்கு அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும்.

6. கூட யார் வருவார்கள் என்று பாருங்கள்

முதலில் கண்ணகியைத் தனியாகத்தான் அழைத்தேன். எங்கள் வட்டத்தில் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். அவர் என் பட்டியலைக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, புருஷன் சாப்பிடாம வெளியில நிக்க, அவ மட்டும் உள்ள வந்து உட்காருவாளா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. இன்றைய என் வீட்டு வழக்கத்தை அவள் மேல் ஏற்றிவிட்டேன்.

ஆகவே கோவலனுக்கு ஓர் இலை. அவனை எனக்குப் பிடிக்காது. ஆனால் கண்ணகி வேண்டும் என்றால் அவனும் வருவான். கவுந்தி அடிகளைச் சோலையில் இளைப்பாறவிட்டேன், துறவி என்பதால் பந்திக்கு வராதது இயல்பு.

உங்கள் பட்டியலிலும் ஒவ்வொருவருக்கும் இதைக் கேளுங்கள். யாரை விட்டு இவர் வரமாட்டார்? அந்தத் துணைக்கும் ஓர் இலை ஆகும். இரண்டு துணைகள் வந்தாலே ஐந்து இலையில் இரண்டு போய்விடும். அப்போது யார் நிஜமாகவே வேண்டும் என்பது தெளிவாகும்.

7. கோடு போட்டுப் பாருங்கள்

ஐந்து பெயரையும் வட்டமாக எழுதுங்கள். ஒருவருக்கு மற்றொருவரிடம் கேட்க ஏதாவது இருந்தால் இருவருக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டின் மேல் அந்தக் கேள்வியை முழு வாக்கியமாக எழுத வேண்டும். "இருவரும் நன்றாகப் பேசிக்கொள்வார்கள்" என்பது கோடு ஆகாது.

ஒவ்வொரு பெயருக்கும் குறைந்தது இரண்டு கோடு வேண்டும். ஒரே கோடு உள்ளவர் பக்கத்து ஆள் கை கழுவப் போனதும் தனியாகிவிடுவார். கோடே இல்லாதவரை நீங்கள் பார்க்க ஆசைப்பட்டு மட்டும் அழைத்திருக்கிறீர்கள்.

இந்தப் படியில்தான் என் ஐந்தாவது ஆள் கிடைத்தார். அதுவரை கண்ணகி, கோவலன், பிள்ளை, ஹென்றி என்று நான்கு பேர். ஜெயகாந்தனின் ஹென்றிக்கும் கண்ணகிக்கும் கோடு உடனே வந்தது. அவன் பப்பாவின் ஊரைத் தேடிக்கொண்டு கிருஷ்ணராஜபுரம் வந்தவன், அவள் ஊரை விட்டு வந்தவள். "யாரையும் தெரியாத ஊருக்குப் போறோமேன்னு உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று ஹென்றி கேட்பான், அவனுக்கு அது நிஜமான கேள்வி. பிள்ளைக்கும் கோவலனுக்கும் இன்னொரு கோடு: பெரிய வணிகர் வீட்டு மகன் என்று தெரிந்ததும் பிள்ளை தன் பத்திரிகையான சித்த வைத்திய தீபிகைக்குச் சந்தா கேட்பார். கோவலனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அவன் என்ன சொல்லிச் சமாளிப்பான் என்று எழுதப்போய்த்தான், எனக்குப் பிடிக்காத அந்த ஆள் மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது.

கண்ணகிக்கு இன்னொரு கோடு தேவைப்பட்டது. ஒருவரை நம்பிப் பின்னாலேயே நடந்து போன வேறு யார் கதையில் இருக்கிறார் என்று யோசித்தேன். சாஞ்சோ பான்ஸா! செர்வாண்டிஸின் டான் குவிக்ஸாட்டோடு கழுதை மேல் ஏறிக் கிளம்பிய குடியானவர். கண்ணகி அவரிடம் கேட்பாள்: "உங்களை அழைத்துப் போனவர் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாரா?"

சாஞ்சோவுக்கும் பிள்ளைக்கும் தானாகவே ஒரு கோடு விழுந்தது. நாவலின் 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் சாஞ்சோவை ஒரு தீவுக்கு ஆளுநர் ஆக்குகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால், பக்கத்தில் நிற்கும் வைத்தியர் கோலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தட்டையும் எடுத்துப்போகச் சொல்கிறார், உடம்புக்கு ஆகாதாம். பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார் ஆளுநர். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து என் வீட்டுக்கு வரும் சாஞ்சோவிடம், பக்கத்து இலைக்காரர் வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர் என்று சொன்னால்? "ஐயா, நீங்கள் என் இலையைத் தொடமாட்டீர்களே?" இதுதான் அந்தக் கோட்டின் மேல் எழுதிய வரி.

மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பந்தியில் எல்லாருக்கும் எல்லாம் புரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாஞ்சோ மூச்சுக்கு ஒரு பழமொழி சொல்லும் ஆள், தமிழில் அவருக்குக் குறையே இருக்காது.

8. சமையலை முடிவு செய்யுங்கள்

இதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு நல்ல வாய்ப்பை விடுகிறார்கள். ஒருவர் என்ன சாப்பிடுவார் என்று தேடும்போதுதான் புத்தகத்தை மறுபடி கவனமாகப் படிக்கிறோம்.

எனக்கு வேளை மாறியது இங்கேதான். மதுரையில் அவர்களுக்கு இடம் கொடுத்த ஆயர்குலப் பெண் மாதரியின் வீட்டில் கண்ணகி சமைக்கும் பகுதியைத் திறந்தேன். கோவலனைச் சாவக நோன்பி என்கிறார்கள், அதாவது சமண இல்லறத்தான். பகலில் உண்ணும் உணவு ஆக்கப் பாத்திரம் கொடுங்கள் என்று பேச்சு வருகிறது. பொழுது சாய்ந்தபின் உண்ணாத நோன்பு அது. இரவு எட்டு மணிக்கு இலை போட்டால் இருவரும் கை வைக்கமாட்டார்கள்! எட்டு மணியை அழித்துப் பகல் பன்னிரண்டு என்று எழுதினேன்.

அதே பகுதியில் அவள் என்னென்ன சமைத்தாள் என்பதும் இருக்கிறது. பலாக்காய், வெள்ளரி, மாதுளை, மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, மாதரி வீட்டுப் பால் பொருள்கள். மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் அடுப்பு மூட்டிக் கொடுக்கிறாள். காய் நறுக்கி நறுக்கிக் கண்ணகியின் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. பெரிய வீட்டில் பிறந்தவளுக்குப் பழக்கமில்லாத அடுப்பு.

என் சமையல் பட்டியல் அதிலிருந்தே வந்தது. பலாமூசுப் பொரியல், வெள்ளரித் தயிர்ப் பச்சடி, மிளகுக் குழம்பு, பருப்பு, நெய், மாம்பழம், பால் பாயசம். மிளகாய் கிடையாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு நம் ஊருக்கு வந்தவை, சிலம்பின் காலத்தில் ஒருவரும் கண்டிருக்க முடியாது. நோன்பை நினைத்து வெங்காயம், பூண்டையும் விட்டேன். பிள்ளைக்கும் ஹென்றிக்கும் இது ஒரு நாள் சாப்பாடு, ஒன்றும் சொல்லமாட்டார்கள். கல்யாண வீட்டு அண்டாவிலிருந்து கோழியும் வாத்தும் வாங்கித் தின்ற சாஞ்சோவுக்குத்தான் குறை. அவருக்கு நெய்யைத் தாராளமாக விட்டு, எல்லாவற்றையும் இரண்டாம் முறை கேட்காமலே பரிமாறுவது என்று எழுதினேன்.

கடைசியில் பிள்ளைக்குக் காப்பி. சிக்கரி கலக்காதது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்ன சொல்வார் என்று இன்னும் எழுதித் தீரவில்லை.

9. யார் பக்கத்தில் யார்

கோடுகள் அதிகம் உள்ள இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். இருவரும் தங்களுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். எதிரெதிரே வைத்தால் அவர்கள் பேச்சு பந்தியைக் கடந்து போக வேண்டும், மற்றவர்கள் காதிலும் விழும்.

கண்ணகிக்கு எதிரே சாஞ்சோ. பிள்ளைக்கு எதிரே கோவலன். எல்லாரையும் எட்டுகிற முனையில் ஹென்றி, ஏனென்றால் அவன் யாரையும் அந்நியராகப் பார்க்காதவன். மௌனம் விழும்போது அவன்தான் எடுத்துப் பேசுவான். பரிமாறுவது நான். பரிமாறுகிறவருக்கு நகரும் சுதந்திரம் இருப்பதால், சண்டை மூளும் இடத்தில் பாத்திரத்தோடு போய் நிற்கலாம்.

கண்ணகியைக் கிணற்றடிப் பக்கம் உட்காரவைத்தேன். புகாரை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததுமே மதுரை எது என்று கேட்டவள் அவள். கால் கழுவித் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வசதி வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நன்றாகச் சமைக்கும் பாத்திரங்களை அழைத்து, அவர்களையே அடுக்களைக்கு அனுப்பாதீர்கள். எங்கள் வட்டத்தில் பலர் கண்ணகியைப் பரிமாற வைத்தார்கள். மாதரி வீட்டில் தரையில் தண்ணீர் தெளித்து, கையால் தடவி, குருத்து வாழையிலையை விரித்துக் கணவனுக்குப் படைத்தவள் அவள். அந்தச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அவளுக்கு யாராவது இலை போட்டார்களா? புகாரில் தனித்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது, விருந்தினரை எதிர்கொள்ளும் பேறை இழந்திருந்தேன் என்றுதான் அவள் வருந்துகிறாள். அவளை உட்காரவையுங்கள். தண்ணீர் தெளித்து, நுனி இடப்பக்கம் வரும்படி இலையை நீங்கள் விரியுங்கள்.

10. முதல் பத்து நிமிடத்தை மட்டும் எழுதுங்கள்

முழு விருந்தையும் எழுதத் தொடங்கினால் பாயசத்துக்கு முன் களைத்துப்போவீர்கள். வாசலில் செருப்பு விடுவதிலிருந்து முதல் கவளம் வரை எழுதினால் போதும். யார் முதலில் வருகிறார், யார் தயங்குகிறார், யார் யாரைப் பார்த்து முதல் வார்த்தை பேசுகிறார்.

எழுதிய பின் பெயர்களை மறைத்துவிட்டு இன்னொருவரிடம் படிக்கக் கொடுங்கள். எந்த வசனம் யாருடையது என்று அவர் சொல்லிவிட்டால் தேர்வு சரி. சொல்ல முடியவில்லை என்றால் ஐந்து பேரும் உங்கள் குரலில் பேசுகிறார்கள். அப்போது வசனத்தைத் திருத்தாதீர்கள். மூன்றாம் படிக்குத் திரும்பி அந்த ஆளின் காட்சியை மறுபடி படியுங்கள்.

11. அடிக்கடி நடக்கும் பிழைகள்

ஒரே புத்தகத்திலிருந்து நான்கு பேரை அழைப்பது. நந்தினியும் பழுவேட்டரையரும் குந்தவையும் உங்கள் கூடத்தில் உட்கார்ந்தால், அங்கே விட்ட கதையை இங்கே தொடருவார்கள். உங்கள் விருந்தில் அவர்களுக்கு வேலை இல்லை.

வில்லன்களாகச் சேர்ப்பது. கெட்டவர் ஒருவர் இருந்தால் பந்தி சூடாகும். மூன்று பேர் இருந்தால் யாரும் யாரையும் நம்பாமல் வாயை மூடிக்கொள்வார்கள்.

திரையில் பார்த்த முகத்தை அழைப்பது. வந்தியத்தேவன் என்று எழுதிவிட்டு நடிகரின் சிரிப்பை வர்ணிக்கிறார்கள். சேந்தன் அமுதனின் தாய் போட்ட சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடும் புத்தகத்து இளைஞன் அதில் காணாமல் போகிறான்.

அவரவர் கதையைப் பற்றிப் பேட்டி எடுப்பது. "நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே போனால் அது விசாரணை. மழையைப் பற்றியும் குழம்பைப் பற்றியும் பேசவிடுங்கள், உள்ளே இருப்பது தானாக வரும். கோவலனை நான் ஒன்றுமே கேட்கவில்லை. பாயசம் வந்தபோது அவன் கண்ணகியின் இலையைத் திரும்பிப் பார்த்து, அவளுக்கு முதலில் ஊற்றச் சொன்னான். நான் திட்டமிட்டு எழுதிய வரி அல்ல அது.

12. வழியனுப்புங்கள்

எப்படிக் கிளம்புகிறார்கள் என்று எழுதினால்தான் விருந்து முடியும். ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது கொடுத்தனுப்புங்கள். என்ன கொடுப்பது என்று யோசிக்கும்போது அவர் உங்களுக்கு எவ்வளவு பழகியிருக்கிறார் என்று தெரியும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் அந்த ஆளை அடுத்த முறை மாற்றுங்கள்.

பிள்ளைக்குச் சந்தாப் பணம், ரசீது வாங்கிக்கொண்டு. ஹென்றிக்கு எங்கள் கொல்லை முருங்கையில் ஒரு போத்து, கிருஷ்ணராஜபுரத்தில் நட. சாஞ்சோவுக்கு மிச்சமிருந்த பாயசம் தூக்குவாளியில், கழுதைக்கு ஒரு கட்டுப் புல்.

கண்ணகிக்கு வாழையிலையில் புளிச்சோறு கட்டினேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுங்கள் அம்மா என்றேன். மதுரை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். போகும் திசையை மட்டும் காட்டிவிட்டு, தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன்.